வம்ச வரலாறும் வாக்குத்தத்தமும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மத்தேயு முதல் அதிகாரத்துல இருக்கிற இயேசுவோட முன்னோர் பட்டியலை பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு இத்தனை கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை சேர்த்துட்டேன். பேர் போட வேண்டாம்னு சிலர் கேட்டுக்கிட்டதால யாரோட பேரும் போடல. பைபிள் பேர்களை பழைய மொழிபெயர்ப்புல இருக்கிற மாதிரியே எழுதியிருக்கேன், பொது மொழிபெயர்ப்பு வாசிக்கிறவங்களுக்கு சில பேர் கொஞ்சம் மாறித் தெரியும்.

*கேள்வி: ஒவ்வொரு வருஷமும் புதிய ஏற்பாட்டை முதல்ல இருந்து வாசிக்கணும்னு ஆரம்பிக்கிறேன். முதல் பக்கமே "பெற்றான், பெற்றான்"னு போகுது. நேரா 18ஆம் வசனத்துக்கு தாவிடறேன். அது தப்பா? (கல்லூரி மாணவி)*

தப்புன்னு சொல்லமாட்டேன்மா. ஆனா மத்தேயு யாருக்காக எழுதினாரோ அந்த யூத ஜனங்க தாவியிருக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல பட்டா, சிட்டா, மூலப்பத்திரம் இதெல்லாம் எப்படியோ அவங்களுக்கு வம்ச அட்டவணை அப்படி. நிலம் எந்த கோத்திரத்துக்கு, ஆசாரிய ஊழியம் யாருக்கு, எல்லாமே அதை வெச்சுத்தான். பாபிலோனுக்கு சிறைபிடிச்சுக் கொண்டுபோன யூதர்கள் திரும்பி வந்தப்ப சில ஆசாரிய குடும்பங்கள் தங்களோட அட்டவணையை தேடிப் பார்த்து கிடைக்காம போனதால ஊழியத்துல இருந்தே விலக்கி வெச்சுட்டாங்கன்னு எஸ்றா 2ஆம் அதிகாரத்துல இருக்கு. 1 நாளாகமத்துல முதல் 9 அதிகாரமும் பெரும்பாலும் பேர்கள்தான். தேசத்தையே பறிகொடுத்துட்டு திரும்பி வந்த ஜனத்துக்கு கையில மிஞ்சினது அந்த பேர்கள்தான்னு நினைச்சு வாசிச்சா எனக்கு கண்ணு கலங்கும்.

இப்ப மத்தேயுவோட முதல் வரியை மட்டும் நிதானமா வாசி. "ஆபிரகாமின் குமாரனாகிய தாவீதின் குமாரனான இயேசு கிறிஸ்துவின் வம்ச வரலாறு." முன்னோர் எத்தனையோ பேர் இருக்க ரெண்டு பேரை மட்டும் ஏன் முன்னாடி நிறுத்தறார்னா, அந்த ரெண்டு பேருக்கும் தேவன் வாக்குக் கொடுத்திருக்கார். ஆபிரகாமுக்கு சொன்னது "பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும்". தாவீதுக்கு சொன்னது 2 சாமுவேல் 7ல இருக்கு, அது அழகான இடம். தாவீது கேதுருமர வீட்ல சௌகரியமா உக்காந்துட்டு, தேவனோட உடன்படிக்கைப் பெட்டி திரைக்குள்ள இருக்கே, நான் அவருக்கு ஒரு வீடு கட்டறேன்னு ஆசைப்படறான். தேவன் நாத்தான் தீர்க்கதரிசியை அனுப்பி, நீ எனக்கு வீடு கட்ட வேண்டாம், நான் உனக்கு வீட்டை உண்டுபண்ணுவேன்னு சொல்றார். எபிரெயத்துல 'வீடு'ங்கிற வார்த்தைக்கு கட்டிடம்னும் குடும்பம்னும் ரெண்டு அர்த்தமும் உண்டு. தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், "நல்ல வீட்டுப் பிள்ளை"ன்னா நாம சுவரையா சொல்றோம்?

இன்னொண்ணு. 1993ல இஸ்ரவேலோட வடக்கு எல்லையில தாண் ஊர் மேட்டுல உடைஞ்ச கல் துண்டு ஒண்ணு கிடைச்சுது, கி.மு. 9ஆம் நூற்றாண்டுல ஒரு அரமேய ராஜா தன் வெற்றியை பெருமையா வெட்டி வெச்ச கல்லு. அதுல யூதா ராஜவம்சத்தை "தாவீதின் வீடு"ன்னு குறிச்சிருக்குன்னு பெரும்பாலான அறிஞர்கள் வாசிக்கிறாங்க. எதிரிக்கும் அந்த குடும்பம் அந்தப் பேர்லதான் தெரிஞ்சிருக்கு.

*கேள்வி: கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர், "உங்க மத்தேயு யோசேப்போட அப்பா யாக்கோபுங்கறார், லூக்கா ஏலிங்கறார், யாரு சொல்றது பொய்?"னு கேட்டார். எனக்கு பதில் தெரியல, அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.*

தூக்கம் கெடற அளவுக்கு பயப்படாதீங்க தம்பி, இந்தக் கேள்விக்கு 1800 வருஷ வயசு இருக்கு. சபையோட ஆரம்ப காலத்துலயே கேட்டிருக்காங்க, யாரும் மூடி மறைக்கல.

முதல்ல வித்தியாசத்தை முழுசா பாருங்க, பாதியா பார்த்தாதான் பயம். மத்தேயு ஆபிரகாம்ல இருந்து கீழ இறங்கி வர்றார், லூக்கா இயேசுல இருந்து மேல ஏறி ஆதாம் வரைக்கும் போய் "ஆதாம் தேவனால் உண்டானவன்"னு முடிக்கிறார். ஆபிரகாம்ல இருந்து தாவீது வரைக்கும் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாவே போகுது. தாவீதுகிட்ட வந்ததும் பாதை பிரியுது. மத்தேயு சாலொமோன் வழியா, லூக்கா நாத்தான் வழியா (தாவீதோட மகன் நாத்தான், தீர்க்கதரிசி நாத்தான் வேற ஆள்). நடுவுல சலாத்தியேல், சொரொபாபேல் இந்த ரெண்டு பேர்ல மட்டும் சேர்ந்து மறுபடியும் பிரிஞ்சு, கடைசியில யோசேப்புகிட்ட சேருது.

இதுக்கு மிகப் பழைய விளக்கம் ஜூலியஸ் ஆப்பிரிக்கானுஸ்ங்கிறவர் 3ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல எழுதினது, யூசேபியு தன்னோட சபை வரலாற்றுல அதை எடுத்து வெச்சிருக்கார். யாக்கோபும் ஏலியும் ஒரே தாய் வயித்துல வேற வேற அப்பாவுக்கு பிறந்தவங்க, ஏலி பிள்ளை இல்லாம செத்துப் போனதால அவன் மனைவியை யாக்கோபு சேர்த்துக்கிட்டான், அவளுக்கு பிறந்தவர்தான் யோசேப்பு, அதனால சரீரப்படி யாக்கோபோட பிள்ளை, சட்டப்படி ஏலியோட பிள்ளை. உபாகமம் 25ல இந்த முறை தெளிவா இருக்கு, செத்தவனோட பேர் இஸ்ரவேல்ல அத்துப்போகாம இருக்கணும்னுதான் அது. ரூத்தோட கதையில நடக்கிறதும் கிட்டத்தட்ட இதே.

ரெண்டாவது, நம்ம சபைகள்ல அதிகமா பிரசங்கிக்கிறது, லூக்கா எழுதினது மரியாளோட வம்சம், ஏலி மரியாளோட அப்பாங்கிறது. லூக்கா முதல் ரெண்டு அதிகாரமும் மரியாள் பக்கம் நின்னு சொன்ன மாதிரி இருக்கிறதால இது மனசுக்கு பிடிக்கும். ஆனா வசனத்துல மரியாள் பேர் அந்த இடத்துல இல்ல. "யோசேப்பின் குமாரனென்று எண்ணப்பட்டார், யோசேப்பு ஏலியின் குமாரன்"னுதான் இருக்கு. அதனால இதுதான் ஒரே பதில்னு அடிச்சுச் சொல்ல வேண்டாம்.

மூணாவது, மத்தேயு தாவீதோட சிங்காசன உரிமை யார் யாருக்கு வந்துச்சுங்கிற வரிசையை எழுதறார், லூக்கா ரத்த வழி முன்னோரை எழுதறார்ங்கிறது. எனக்கு இதுவும் ஆப்பிரிக்கானுஸ் சொன்னதும் சேர்ந்துதான் பொருத்தமா படுது. நம்ம குடும்பங்கள்லயே பெரியப்பாவுக்கு சுவீகாரம் போன பிள்ளைக்கு பத்திரத்துல ஒரு அப்பா, பெத்தவர் ஒரு அப்பான்னு இருக்கும், ரெண்டையும் தனித்தனியா பார்க்கிறவருக்கு குழப்பம்தான், வீட்ல உள்ளவங்களுக்கு இல்ல. உங்க நண்பர்கிட்ட இந்த மூணையும் சொல்லுங்க, எதை ஏத்துக்கிறீங்கன்னு அவர் கேட்டா அதையும் மறைக்காம சொல்லுங்க.

*கேள்வி: மத்தேயு 14, 14, 14 தலைமுறைன்னு சொல்றார். எண்ணிப் பார்த்தா கடைசி வரிசையில 13தான் வருது. அதோட ராஜாக்கள் சில பேரை காணோமே? (ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்)*

ஐயா, நீங்க எண்ணினது சரி. மொத்தம் 41 பேர்தான் வரும். 17ஆம் வசனத்தோட வாசகத்தை அப்படியே பிடிச்சு எண்ணினா சரியாகும். ஆபிரகாம் முதல் தாவீது வரை 14. அடுத்து "தாவீது முதல்"னு இருக்கிறதால தாவீதை திரும்ப சேர்த்து யோசியா வரைக்கும் 14. பாபிலோன் சிறையிருப்புக்கு அப்புறம் எகொனியா முதல் இயேசு வரை 14. தாவீதை ரெண்டு தடவை எண்ணறது வேணும்னே செய்த மாதிரிதான் தெரியுது, ஏன்னா எபிரெயத்துல எழுத்துக்கே எண் மதிப்பு உண்டு, தாவீதுங்கிற பேருக்கு 4, 6, 4 சேர்த்து 14 வரும். பட்டியல் முழுக்க தாவீதோட பேர் தாளம் மாதிரி ஓடுது.

விட்டுப்போன ராஜாக்கள் யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவுல அகசியா, யோவாஸ், அமத்சியா, அப்புறம் யோசியாவுக்கும் எகொனியாவுக்கும் நடுவுல யோயாக்கீம். 1 நாளாகமம் 3ல பாருங்க, நாலு பேரும் இருப்பாங்க. 'பெற்றான்'னா நேர் மகனாத்தான் இருக்கணும்னு அவங்க வழக்கத்துல இல்ல, பேரன் கொள்ளுப்பேரனுக்கும் சொல்வாங்க. எஸ்றா தன்னோட வம்சத்தை 7ஆம் அதிகாரத்துல சொல்றப்பகூட நடுவுல பேர்களை விட்டுத்தான் சொல்றார்.

ஆனா அந்த மூணு பேர்ல யோவாஸ் விட்டுப்போனது எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கிட்டே இருந்த விஷயம், ஏன்னா தாவீதுக்கு கொடுத்த வாக்கு முழுசும் ஒரு கட்டத்துல அந்த ஒரு குழந்தை மேல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. 2 இராஜாக்கள் 11. அகசியா செத்ததும் அவன் அம்மா அத்தாலியாள், ஆகாபோட மகள், ராஜவம்சத்துல இருந்த எல்லாரையும் கொல்லச் சொல்லிட்டு தானே ஆள ஆரம்பிச்சா. எல்லாரும்னா அவளோட சொந்த பேரப்பிள்ளைகளும்தான். அகசியாவோட சகோதரி யோசேபாள் கைக்குழந்தை யோவாசையும் அவன் தாதியையும் யாருக்கும் தெரியாம படுக்கையறையில ஒளிச்சு வெச்சு, அப்புறம் ஆலயத்துக்குள்ள 6 வருஷம் வளர்த்தா. அவ வீட்டுக்காரர் யோய்தா ஆசாரியன். ஏழு வயசுல அந்தப் பிள்ளையை வெளிய கொண்டுவந்து கிரீடம் வெச்சாங்க. அந்த 6 வருஷமும் வெளிய நின்னு பார்த்த யாருக்கும் வாக்குத்தத்தம் செத்துப்போச்சுன்னுதான் தெரிஞ்சிருக்கும். உள்ள ஒரு பிள்ளை தவழ்ந்துக்கிட்டு இருந்துச்சு. யோசேபாளை பத்தி நம்ம மேடைகள்ல யாராவது பேசி கேட்டிருக்கீங்களா? நான் கேட்டது ரொம்ப ரொம்ப குறைவு.

*கேள்வி: மெல்கிசேதேக்குக்கு வம்ச வரலாறே இல்லைன்னு எபிரெயர் 7ல இருக்கு. அப்ப அவர் மனுஷன் இல்லையா?*

ஆதியாகமம் 14ல சாலேமோட ராஜாவா வர்றார், அப்பா பேர், அம்மா பேர், பிறப்பு, இறப்பு எதுவும் எழுதலைங்கிறதைத்தான் எபிரெயர் நிருபம் சுட்டிக்காட்டுதுன்னு நான் புரிஞ்சுக்கறேன். லேவி கோத்திரத்து அட்டவணையில பேர் இல்லாமலே ஆசாரியனா இருக்க முடியும்ங்கிறதுதான் அங்க வாதம், ஏன்னா இயேசு யூதா கோத்திரம்.

*கேள்வி: எங்க அம்மா அப்பா படிக்காதவங்க, அப்பா குடிச்சே செத்துட்டார். என்னை கல்யாணம் பண்ணி கொண்டுவந்த வீடு நாலு தலைமுறையா சர்ச்ல பேர் உள்ள குடும்பம். ஒவ்வொரு பண்டிகைக்கும் "உங்க பக்கம் யாரு இருக்காங்க சொல்லிக்கிற மாதிரி"ன்னு ஒரு வார்த்தை வரும். அமைதியா இருந்துடறேன். நீங்க எழுதின வம்ச வரலாறு கட்டுரையை வாசிச்சப்ப இதெல்லாமும் பெரிய வீட்டுக்காரங்களுக்குத்தானோன்னு இருந்துச்சு.*

சகோதரி, உங்க கடிதத்தை மூணு தடவை வாசிச்சேன். நான் எழுதினது உங்களுக்கு அப்படிப் பட்டிருந்தா அந்தக் குறை என் எழுத்துல, வேதத்துல இல்ல. அதனால உங்களுக்கு கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

அந்தப் பட்டியல்ல மரியாளுக்கு முன்னாடி நாலு பெண்கள். சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள்னு பெருமையா சொல்லிக்கிற தாய்மார் இருந்தாங்க, மத்தேயு அவங்க ஒருத்தர் பேரையும் எழுதல. அவர் எழுதினது தாமார், ராகாப், ரூத், அப்புறம் 'உரியாவின் மனைவியாயிருந்தவள்'.

தாமார் ரெண்டு தடவை விதவை. மாமனார் யூதா மூணாவது மகனை கொடுக்கறேன்னு சொல்லி அவளை அவ அப்பா வீட்டுக்கு அனுப்பி வெச்சுட்டு மறந்துட்டான். அவ முகத்தை மூடிக்கிட்டு வழியில உக்காந்து, அவன்கிட்டயே கர்ப்பமாகி, அவளை எரிக்கணும்னு அவன் தீர்ப்புச் சொன்னப்ப அவனோட முத்திரை மோதிரத்தையும் கைக்கோலையும் எடுத்து அனுப்பினா. அப்ப யூதா சொன்ன வார்த்தை "என்னிலும் அவள் நீதியுள்ளவள்". யூதாவோட வாழ்க்கையே அந்த இடத்துல இருந்துதான் திரும்புதுன்னு நான் நினைக்கிறேன், அதுக்கு முன்னாடி தம்பி யோசேப்பை விக்கலாம்னு யோசனை சொன்னவன், அதுக்கு அப்புறம் தம்பி பென்யமீனுக்கு பதிலா நான் அடிமையா இருக்கேன்னு நிக்கிறான்.

ராகாப் எரிகோவுல வேசியா இருந்தவ, கானானியப் பெண். வேவுகாரங்களை கூரை மேல சணல் தட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சு காப்பாத்தினா. ரூத் மோவாபியப் பெண். மோவாபியன் பத்தாம் தலைமுறை ஆனாலும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாதுன்னு உபாகமம் 23 சொல்லுது, அப்பேர்ப்பட்ட ஜனத்துல இருந்து வந்தவ, மாமியார்கிட்ட "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்"னு சொல்லிட்டு வெறுங்கையோட பெத்லகேமுக்கு வந்து கதிர் பொறுக்கினா. அவ வந்தப்ப அவ பக்கம் சொல்லிக்க யார் இருந்தாங்க? ஒருத்தரும் இல்ல. ரூத்தோட புத்தகம் கடைசியில ஒரு வம்ச வரலாறோடதான் முடியுது, பாரேஸ்ல ஆரம்பிச்சு தாவீது வரைக்கும் சரியா பத்து தலைமுறை. ஊர் மூப்பர்கள் ரூத்தை கல்யாணம் பண்ணின போவாசுக்கு கல்யாண ஆசீர்வாதம் சொல்றப்ப என்ன சொல்றாங்க தெரியுமா, உன் வீடு தாமார் யூதாவுக்குப் பெற்ற பாரேசின் வீட்டைப்போல ஆகட்டும்ங்கறாங்க. தாமார் பேரை மறைக்கல, அதையே ஆசீர்வாதமா சொன்னாங்க.

நாலாவது, பத்சேபாள். அவ பேரை எழுதாம 'உரியாவின் மனைவி'ன்னு எழுதினதால சிலர் அவளைத் தாழ்த்தறாங்கன்னு நினைக்கிறாங்க. எனக்கு அப்படித் தோணல. பத்சேபாள் விஷயத்துல தாவீது கொல்லக் கொடுத்த அவ புருஷன், அந்த ஏத்தியப் போர்வீரன் உரியாவோட பேரை ராஜாவோட வம்ச வரலாறுலயே மத்தேயு பதிச்சுட்டார். அது தாவீது மேல இருக்கிற கறை, அதை துடைக்காமலே மேசியாவோட பட்டியலை நமக்கு கொடுத்திருக்கார். உங்க புகுந்த வீட்டுல அந்த வார்த்தையை சொல்றவங்க இந்த இதழை வாசிப்பாங்களான்னு தெரியல. வாசிச்சா நேரடியாவே சொல்றேன், சர்ச்ல நாலு தலைமுறையா இருக்கிறது தேவன் உங்களுக்கு காட்டின தயவு, வீட்டுக்கு வந்த பிள்ளையை குத்தறதுக்கு கொடுத்த கோல் இல்ல.

*கேள்வி: எகொனியா சந்ததியில ஒருத்தனும் தாவீதின் சிங்காசனத்துல உக்கார மாட்டான்னு எரேமியா 22ல இருக்கு. ஆனா மத்தேயு அதே எகொனியா வழியாத்தான் இயேசுவை கொண்டுவர்றார். இது முரண்பாடு இல்லையா? (வேதாகமக் கல்லூரி மாணவர்)*

நல்ல கேள்வி தம்பி. பலபேர் சொல்ற பதில், இயேசு யோசேப்புக்கு சரீரப்படி பிறக்கலையே, அதனால சாபம் தொடலைங்கிறது. அது ஒரு பதில்தான். ஆனா பழைய ஏற்பாட்டுக்குள்ளயே இன்னொரு பதில் இருக்கு, அதை முதல்ல பாருங்க.

எரேமியா மூலமா தேவன், எகொனியா என் வலதுகையின் முத்திரை மோதிரமா இருந்தாலும் கழற்றிப் போடுவேன்ங்கறார். சந்தானமற்றவன்னு எழுதுங்கங்கறார். சொன்னபடியே 18 வயசுல ராஜாவாகி மூணே மாசத்துல, கி.மு. 597ல, நேபுகாத்நேச்சார் அவனை பாபிலோனுக்கு கொண்டுபோயிட்டான். இப்ப அந்த ஊர் மண்ணுல இருந்து வந்த சாட்சி. பாபிலோன் அரண்மனையில ஜெர்மன்காரங்க தோண்டி எடுத்த களிமண் பலகைகள்ல, 1939ல வாசிச்சு வெளியிட்டதுல, யூதா ராஜாவுக்கும் அவனோட அஞ்சு குமாரருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கு. ஒரு பலகை கி.மு. 592ஆம் வருஷத்தது. அப்ப பிள்ளைகள் இருந்தாங்க, 'சந்தானமற்றவன்'னது சிங்காசனத்தைப் பொறுத்து சொன்னது. 37 வருஷம் கழிச்சு பாபிலோன் ராஜா ஏவில்மெரொதாக் அவனை சிறையில இருந்து விட்டு, தன் பந்தியிலயே சாப்பிட வெச்சான்னு 2 இராஜாக்கள் முடியுது.

அப்புறம் எகொனியாவோட பேரன் சொரொபாபேல் திரும்பி வந்து ஆலயத்தைக் கட்டறான். ஆகாய் 2ஆம் அதிகாரம் கடைசி வசனத்தை வாசிங்க, "உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன், நான் உன்னைத் தெரிந்துகொண்டேன்". தாத்தாகிட்ட கழற்றின அதே மோதிரம்! தீர்க்கதரிசி வேணும்னே அதே வார்த்தையை எடுத்திருக்கார். சொரொபாபேல் ராஜாவாகல, பெர்சியாவுக்கு கீழ அதிபதியாத்தான் இருந்தான், அதனால எரேமியா சொன்னதும் விழல, ஆனா வரிசை அந்துபோகல.

*கேள்வி: புது வருஷ ஆராதனையில எனக்கு கிடைச்ச வாக்குத்தத்த அட்டையில எரேமியா 29:11 வந்துச்சு. அந்த வருஷம்தான் என் வீட்டுக்காரர் வேலையும் போச்சு, அம்மாவும் போனாங்க. வாக்குத்தத்தம் பொய்யா, இல்ல எனக்கு விசுவாசம் பத்தலையா?*

ரெண்டும் இல்லக்கா. முதல்ல உங்க அம்மாவுக்காக வருத்தப்படறேன்.

அந்த வசனம் உங்களுக்கு தெரியும், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". அட்டையில அதுக்கு முந்தின வசனத்தை போடமாட்டாங்க. 10ஆம் வசனம், பாபிலோன்ல 70 வருஷம் முடிஞ்ச பிறகு உங்களைச் சந்திப்பேன். இது எரேமியா பாபிலோன்ல இருந்த ஜனங்களுக்கு எழுதின கடிதம், அதை முதல்ல கையில வாங்கின பெரியவங்கள்ல பெரும்பாலானவங்க அந்த மண்ணுலயே செத்துப் போயிருப்பாங்க. அவங்களுக்கும் அது உண்மையான வாக்குதான், ஆனா அவங்க பிள்ளைகள் வழியா, பேரப்பிள்ளைகள் வழியா நிறைவேற வேண்டிய வாக்கு. அதனாலதான் அதே கடிதத்துல வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைகளுக்கு கல்யாணம் பண்ணுங்கன்னு சொல்றார்.

ஆபிரகாமை பாருங்க. 75 வயசுல ஆரானை விட்டுக் கிளம்பினார், ஈசாக்கு பிறக்கிறப்ப 100. நடுவுல 25 வருஷம். தேசம் முழுக்க உனக்குத்தான்னு சொன்ன தேவன் இருக்கிறப்ப சாராள் செத்துட்டா, அடக்கம் பண்ண ஒரு அடி நிலம் இல்ல. ஏத்தியன் எப்பெரோன்கிட்ட மக்பேலா குகையை 400 சேக்கல் வெள்ளி எடை போட்டு கொடுத்து வாங்கினார். வாக்குப்பண்ணப்பட்ட தேசத்துல ஆபிரகாம் விலை கொடுத்து தன் பேர்ல வெச்சிருந்த நிலம்னா ஒரு கல்லறைதான். எபிரெயர் 11 இதைத்தான் சொல்லுது, இவங்கல்லாம் வாக்குத்தத்தம் செய்யப்பட்டவைகளை அடையாம, தூரத்துல பார்த்து, விசுவாசத்தோட மரிச்சாங்க. விசுவாசம் பத்தாம போனதால அடையலைன்னு சொல்லல.

அட்டையை நான் குறை சொல்லல, அதை ஜெபம் பண்ணி எழுதற கைகளும் உண்டு. ஆனா ஜனவரி 1ல கையில வந்த ஒரு வரியை டிசம்பர் 31க்குள்ள நடக்கணும்னு தேவனுக்கு நாம கெடு போடறோம், அது நடக்காதப்ப குற்றத்தை நம்ம மேல போட்டுக்கறோம். ஆதியாகமம் 15ல உடன்படிக்கை பண்றப்ப மிருகங்களை ரெண்டா பிளந்து வெச்சிருக்கு, வழக்கப்படி அதுக்கு நடுவுல நடக்கிறவன் வாக்கை காப்பாத்தலைன்னா இந்தக் கதி எனக்குன்னு ஒத்துக்கறான். அன்னைக்கு நடுவுல கடந்துபோனது தேவனைக் குறிக்கிற புகையிற சூளையும் அக்கினி ஜுவாலையும்தான். ஆபிரகாம் அயர்ந்து தூங்கிட்டு இருந்தார்.

*கேள்வி: எங்க தாத்தா மந்திரவாதம் பண்ணினவர். அதனால நாலு தலைமுறைக்கு சாபம் இருக்கு, அதான் எங்களுக்கு குழந்தை இல்லைன்னு ஒரு ஊழியக்காரர் சொன்னார். அதை முறிக்க தனி ஜெபமும் காணிக்கையும் வேணுமாம். என்ன செய்ய?*

காணிக்கை கொடுக்காதீங்க. மத்ததை அப்புறம் பேசுவோம், முதல்ல இது. டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் சேர்ந்து போங்க, அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

யாத்திராகமம் 20ல மூணாம் நாலாம் தலைமுறை வரைக்கும் விசாரிக்கிறேன்னு இருக்கு, நிஜம். அதே வாக்கியத்துல 'என்னை பகைக்கிறவர்களை'ன்னும் இருக்கு, அடுத்த வசனத்துல ஆயிரம் தலைமுறை இரக்கமும் இருக்கு. அப்புறம் இதே வசனத்தை பிடிச்சுக்கிட்டு சிறையிருப்புல இருந்த ஜனங்க, அப்பன்மார் திராட்சக்காய் தின்னாங்க, எங்க பல்லு கூசுதுன்னு ஒரு பழமொழியே சொல்லிட்டு திரிஞ்சப்ப, இனி இந்தப் பழமொழியை சொல்லக்கூடாதுன்னு எசேக்கியேல் 18 முழு அதிகாரமா வருது. குமாரன் தகப்பனோட அக்கிரமத்தை சுமப்பதில்லைன்னு அதுல பச்சையாவே எழுதியிருக்கு.

கோராகை தெரியும்ல, மோசேக்கு எதிரா எழும்பினவன், பூமி வாயைத் திறந்து விழுங்கின கூட்டத்தோட தலைவன். அதைவிட பெரிய சாபக்கதை தோராவுல, அதாவது மோசேயோட அஞ்சு ஆகமங்கள்ல, தேடணும். எண்ணாகமம் 26ல ஒரே ஒரு வரி ஓரமா இருக்கு, "கோராகின் குமாரரோ சாகவில்லை". அந்தப் பிள்ளைகளோட சந்ததி என்ன ஆனாங்கன்னு 1 நாளாகமம் 6ல தேடிப் பாருங்க, சாமுவேல் தீர்க்கதரிசி அந்த வம்சத்துல வர்றார். ஆலயத்துல பாடின ஏமான், சாமுவேலோட பேரன். 42ஆம் சங்கீதம், 46, 84 எல்லாம் கோராகின் புத்திரர் பேர்ல இருக்கிற பாட்டுக்கள். அப்பன் ஆசாரியப் பதவி கேட்டு சண்டை போட்டான், அந்த வம்சத்துப் பிள்ளைகள் ஆலயத்துல வாசல் காக்கிறவங்களா இருந்து, "என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்துக்கொண்டிருப்பதைத் தெரிந்துகொள்ளுவேன்"னு பாடறாங்க. உங்களுக்கு இப்ப தேவைப்படறது 84ஆம் சங்கீதம்னு நினைக்கிறேன், வீட்ல ரெண்டு பேரும் சத்தமா வாசிங்க.

மத்தேயு பட்டியல்லயே கூட பாருங்க, எசேக்கியாங்கிற நல்ல அப்பாவுக்கு 55 வருஷம் அக்கிரமத்தோட ஆண்ட மனாசே, மனாசே மகன் ஆமோன் இன்னும் மோசம், ஆமோனுக்கு பிறந்தவன்தான் எட்டு வயசுல ராஜாவான யோசியா, அவனைப் போல முழு இருதயத்தோட திரும்பின ராஜா முன்னும் இல்ல பின்னும் இல்லைன்னு வேதம் சாட்சி சொல்லுது.

*கேள்வி: நான் பிறந்த உடனே ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போனாங்களாம். இப்ப உள்ள அப்பா அம்மாதான் வளர்த்தாங்க. என் மகளுக்கு ஞாயிறு பள்ளியில குடும்ப மரம் வரைஞ்சு கொண்டுவரச் சொல்லியிருக்காங்க. என் பக்கத்துல என்ன எழுதன்னு தெரியாம நாலு நாளா பேப்பர் வெறுமையா கிடக்கு.*

தம்பி, மத்தேயு முதல் அதிகாரத்தோட முடிவை இன்னொரு தடவை பாருங்க. 39 தடவை 'பெற்றான், பெற்றான்'னு வந்த நடை யோசேப்புகிட்ட வந்ததும் நின்னுடுது. "மரியாளுடைய புருஷனாகிய யோசேப்பைப் பெற்றான்; அவளிடத்தில் கிறிஸ்து எனப்படுகிற இயேசு பிறந்தார்". யோசேப்பு பெற்றான்னு இல்ல. அப்படியிருந்தும் அத்தனை தலைமுறையும் யோசேப்பு வழியாத்தான் எண்ணப்படுது. தேவதூதன் அவரை "தாவீதின் குமாரனாகிய யோசேப்பே"ன்னு கூப்பிட்டு, பிள்ளைக்கு நீ பேரிடுன்னு சொல்றான். 25ஆம் வசனத்துல அவர் பேரிட்டார். அதோட இயேசு தாவீதின் குமாரன் ஆயிட்டார். ஆபிரகாமுக்கும் தாவீதுக்கும் கொடுத்த வாக்கு கடைசி அடியில வளர்ப்பு அப்பா ஒருத்தர் கை வழியாத்தான் போச்சு.

யாக்கோபு சாகப்போற நேரத்துல எகிப்துல பிறந்த பேரப்பிள்ளைகள் எப்பிராயீமையும் மனாசேயையும் கூப்பிட்டு, ரூபனையும் சிமியோனையும் போல இவங்களும் என்னுடையவர்கள்னு எடுத்துக்கிட்டான். காலேப் கேனாசியன்னு வேற இனத்துப் பேரால சொல்லப்பட்டவன், யூதா கோத்திரத்து பங்குல எபிரோனை சுதந்தரிச்சான்.

மகளோட பேப்பர்ல உங்களை வளர்த்த அப்பா பேரை எழுதுங்க, அவரோட அப்பா பேர், தாத்தா பேர் எவ்வளவு தூரம் அவருக்கு ஞாபகம் இருக்கோ அவ்வளவையும் கேட்டு எழுதுங்க. அவரையே பக்கத்துல உக்கார வெச்சு மகள் கையால எழுத வைங்க, நேரம் ஆகும், ஆகட்டும்.